பதினொரு மணி ரீடிங்

எங்க அண்ணிக்கு ஊருக்குள்ள ஒரு பேர் இருக்கு. லோடு இல்லை மேடம். கரண்ட் ஆபீஸ்ல புது கனெக்‌ஷன் கேட்டுப் போற எல்லாரும் அவங்க மேஜைக்குத்தான் போகணும். ஒரு நீள நோட்டைப் பிரிப்பாங்க, விரலை வச்சு ஒரு வரியைத் தேடுவாங்க, தலையைத் தூக்காமலே சொல்லிடுவாங்க: "லோடு இல்லை." உங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் இதுக்கு மேல தாங்காது, போயிட்டு வாங்கன்னு அர்த்தம். மாவு மில் வைக்க வந்தவனுக்கும் அதே பதில், மாடியில லிஃப்ட் போட வந்தவனுக்கும் அதே பதில். ஒருத்தன் கடுப்புல, "கல்யாணத்தப்ப உங்க வீட்டுக்காரர்கிட்டயும் லோடு இல்லைன்னுதான் சொன்னீங்களா மேடம்?"னு கேட்டுட்டான். அண்ணி அதுக்கும் தலையைத் தூக்கலை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

நான் அவங்களுக்கு நாத்தனார். நாத்தனார் சொல்ற கதையில எவ்வளவு நம்பலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு வாய் ஜாஸ்தி, அதை நானே ஒத்துக்கறேன். கரண்ட்ல ஓடுற ஆட்டோ ஓட்டுறேன், அண்ணனும் அதேதான். அண்ணன், அண்ணி, நான், மூணு பேரும் ஒரே வீடு. ரெண்டாவது மாடி. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ல எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர். சாதம் வேகுற சத்தத்தோட அது உறுமுற சத்தமும் கேட்கும்.

அண்ணி இருபத்திரண்டு வயசுல அந்த ஆபீஸ்ல சேர்ந்தாங்க. அப்ப தற்காலிக வேலை. நாலு வருஷம் கழிச்சு வேலை நிரந்தரமாச்சு, அதே வருஷம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. வந்த புதுசுல என்ன பேச்சுங்கறீங்க! சாயங்காலம் செருப்பைக் கழட்டுறப்பவே ஆரம்பிச்சிடுவாங்க. அவங்க பெரிய சார் கோப்புல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு தடவை இருமுவாராம். அதை அப்படியே செஞ்சு காட்டுவாங்க. எங்க அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே சிரிப்பாங்க, சிரிச்சு மூச்சு வாங்கும், "போதும்டி, என்னைக் கொன்னுடுவே"ம்பாங்க. மாமியாரும் மருமகளும் அப்படி ஒட்டிக்கிட்டதுல எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. பெத்த பொண்ணு நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பேன், பேச்சு முழுக்க அவங்க ரெண்டு பேருக்குள்ளதான்.

அம்மாவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செஞ்சுது. காத்துலேர்ந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கிற மிஷின் ஒண்ணு கட்டில் பக்கத்துல எந்நேரமும் ஓடிக்கிட்டு இருக்கும். கரண்ட் போனா இன்வர்ட்டர்ல மூணு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போனா சிலிண்டர். அதுக்கு மேல என்னன்னு நாங்க யோசிச்சதே இல்லை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, நல்ல கோடையில, தெருமுனையில ஒருத்தர் வண்டி சார்ஜ் பண்ற கடை போட்டார். சோலாரெல்லாம் கிடையாது, எல்லாம் தெருக் கரண்ட்தான். பத்து வண்டி ஒரே நேரத்துல போடலாம். நானும் அண்ணனும் போய் முதல் வாரமே போட்டோம், ரொம்ப வசதின்னு சந்தோஷப்பட்டோம். ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் ஏசி, அடுப்பு, மோட்டார் ஓடுறப்ப, அந்தப் பத்து வண்டியும் சேர்ந்து இழுத்துச்சு. டமார்னு ஒரு சத்தம். தெருவே இருட்டு. ஜன்னலைத் திறந்தா ட்ரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து எண்ணெய் ஒழுகி எரியுது.

மாத்து ட்ரான்ஸ்ஃபார்மர் கிடங்குல இல்லை. ஊர்ல எல்லா இடத்துலயும் அந்த வாரம் ஒண்ணொண்ணா வெடிச்சிருந்துச்சு. மூணு நாள் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரியில கட்டில் இல்லை. அண்ணனும் நானும் மாத்தி மாத்தி சிலிண்டர் தூக்கினோம். மூணாம் நாள் சாயங்காலம் சிலிண்டர் வண்டி லேட். எட்டு மணிக்கு வந்துச்சு. அம்மா ஏழு இருபதுக்குப் போயிட்டாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த தாள்ல நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கு, அதுல போட்டிருக்கு, அதனால எனக்குத் தெரியும்.

நான் அன்னிக்குக் கத்தின கத்தல் தெருவுக்கே தெரியும். புது ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்த வந்த லைன்மேனைக் கீழ இறங்கிப் போய், "நாசமாப் போறவனே, மூணு நாளா எங்கடா செத்துப் போயிருந்தே"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் ஏணியில ஏறிட்டான். சார்ஜிங் கடைக்காரரோட கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டாங்க, அவர் ஷட்டரை இறக்கிட்டுப் போயிட்டார். அவரை எங்கயாவது பார்த்தா நான் இன்னும் எதிர்ப்பக்கமாத்தான் போறேன்.

அண்ணி அழலை. ஒரு சொட்டுக்கூட இல்லை. வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தாங்க, மிஷினைத் துடைச்சு அட்டைப்பெட்டியில வச்சாங்க, நாலாம் நாள் ஆபீஸ் போயிட்டாங்க. கல்லுளிமங்கின்னு அன்னிக்கே மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன். அத்தை அத்தைன்னு உருகினதெல்லாம் வெறும் வேஷமான்னு மூணு வருஷம் உள்ளுக்குள்ள வச்சிருந்தேன். ஆனா நான் மட்டும் என்னவாம்? கத்தினது அந்த ஒரு நாள்தான். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே வரலை. அம்மா கட்டில்லயே நான் படுக்க ஆரம்பிச்சேன். முதுகு வலிக்குதான்னு பார்ப்பேன், வலிக்காது. பசிக்குதான்னு பார்ப்பேன், தெரியாது, நேரமாச்சேன்னு சாப்பிடுவேன். ஆட்டோவுல ஏறினவங்க இறங்குற இடத்தைத் தாண்டிப் போயிடுவேன். அண்ணனும் அப்படித்தான் இருந்தான். மூணு பேரும் ஒரே வீட்டுல, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க மாதிரி இருந்தோம்.

அண்ணி கிட்ட ரெண்டு புதுப் பழக்கம் வந்துச்சு. ஒண்ணு, சாயங்காலம் ஏழு மணியானா வீட்டு ஃபிரிட்ஜை அணைச்சிடுவாங்க. ஒன்பதுக்குத்தான் போடுவாங்க. பால் திரிஞ்சு போகும். "ஏன் அண்ணி, நம்ம ஒரு ஃபிரிட்ஜை அணைச்சா ஊரே வெளிச்சமாயிடுமா?"ன்னு சுருக்குன்னு கேட்பேன். "இருக்கட்டும்"பாங்க. அவ்வளவுதான். ரெண்டாவது பழக்கம், கைப்பையில ஒரு இரும்பு ஸ்கேல். ட்ரான்ஸ்ஃபார்மர்ல எவ்வளவு ஓடுது, எவ்வளவு மீதின்னு எழுதுற தாளை ஆபீஸ்ல கட்டு கட்டா அச்சடிச்சுக் குடுப்பாங்க. அதுல தேதி, எண், ஓடுறது, மீதி, கையெழுத்து, அஞ்சு கட்டம் இருக்கும். அண்ணி ஒவ்வொரு தாளையும் எடுத்து, தேதிக்குப் பக்கத்துல ஸ்கேலை வச்சு ஒரு கோடு போட்டு, மேல "நேரம்"னு எழுதுவாங்க. டிவி பார்த்துக்கிட்டே போடுவாங்க. இதென்ன பைத்தியக்காரத்தனம்னு நினைப்பேன். பெரிய சார், "உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா"ன்னு இருமிக்கிட்டே கேட்டாராம். அதை அண்ணி இருமிக் காட்டாம சும்மா சொன்னாங்க.

தெருமுனைக் கடை போனதுக்கப்புறம் எங்களுக்குச் சார்ஜ் பண்ண ஊரோட அந்தக் கோடிக்குப் போகணும். போக வரவே பாதி சார்ஜ் தீர்ந்துடும். அங்க வரிசையில ரெண்டு மணி நேரம். நடுவுல கரண்ட் போச்சுன்னா இன்னும் ரெண்டு. வரிசையிலயே சாப்பிட்டு வரிசையிலயே தூங்கினோம். எங்க ஸ்டாண்டுல பதினஞ்சு வண்டி இருந்துச்சு, பதினொண்ணாச்சு. அண்ணன் வண்டி ஒரு கம்பெனிக்குச் சொந்தம், தினம் இவ்வளவு ட்ரிப் காட்டலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்னு ஃபோன்ல சொல்லிட்டாங்க.

அப்பதான் சோலார் நிதின்னு ஒண்ணு வந்துச்சு. காய்கறி மொத்த மார்க்கெட் பின்னாடி வண்டி நிறுத்துற தகரக் கூரை ஒண்ணு இருக்கு, நல்ல வெயில். அது மேல பேனல் போட்டு, கீழ சார்ஜ் போடுற இடம் கட்டலாம். பன்னெண்டு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் எங்களுக்கு சவாரியும் கிடையாது, சூரியன் மண்டையைப் பொளக்கும். அந்த நேரத்துல எல்லா வண்டியும் குடிச்சுக்கலாம். செலவுல மூணுல ரெண்டு பங்கு நிதி ஆபீஸ் தரும். பதினொரு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வச்சோம். என் கையெழுத்துதான் படிக்கற மாதிரி இருக்குன்னு என்னைச் செயலாளர் ஆக்கினாங்க. நாப்பத்தியாறு பக்க விண்ணப்பம். தலைகீழா நின்னு முடிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குப் பசின்னு ஒண்ணு தெரிஞ்சுது, அதையும் சொல்லிடறேன்.

அதோட இணைக்க வேண்டிய நாப்பத்தியேழாவது பக்கத்துல வந்து மாட்டுச்சு. மழை நாள்ல பேனல் வேலை செய்யாது, அப்ப தெருக் கரண்ட்லேர்ந்து எடுத்துக்கணும். அதுக்கு அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ல நாப்பது கிலோவாட் மீதி இருக்குன்னு கரண்ட் ஆபீஸ் சான்று குடுக்கணும். சூரியனை நம்பிப் பணம் குடுக்கறவங்களுக்கே சூரியன் மேல அவ்வளவு நம்பிக்கை! கூரையிலேர்ந்து கிட்ட இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் எங்க தெருவுதான். சான்று எழுத வேண்டியது எங்க அண்ணி. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடுறப்ப அண்ணன் கேட்டான். "உன் ஒரு கையெழுத்துதான். போட்டுட மாட்டே?"

அண்ணி குழம்பை ஊத்திக்கிட்டே, "ரீடிங் எடுத்துப் பார்க்கறேங்க"ன்னாங்க.

"என்னத்தைப் பார்க்கறது? உங்க சாரே பதினொரு மணிக்கு எடுத்து எழுதிடச் சொல்லிட்டாராமே. எல்லாரும் அப்படித்தானாமே."

"பார்க்கறேங்க."

"ஊருக்கெல்லாம் இல்லைன்னு சொல்லிச் சொல்லி உனக்கு இருக்குன்னு சொல்ற நாக்கே இல்லாமப் போச்சு"ன்னுட்டு அண்ணன் கையைக் கழுவப் போயிட்டான். அவன் அப்படிப் பேசுற ஆள் இல்லை. வண்டி போயிடுமேங்கற பயம்.

அண்ணி என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில பதினொரு மணிக்குக் கீழ வா. சாயங்காலம் ஏழு மணிக்கும் வா. சங்கத்து ஆள் ஒருத்தர் கூட நிக்கணும்"னாங்க. அப்படி எந்தச் சட்டமும் கிடையாதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

புதன்கிழமை காலையில போனேன். அதே லைன்மேன், நான் நாசமாப் போகச் சொன்ன ஆள். "வாங்க செக்ரட்டரி"ன்னான், மனசுல ஒண்ணும் வச்சுக்கலை போல. கம்பியைக் கவ்விப் பிடிச்சு எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற மீட்டர் ஒண்ணு வச்சிருக்காங்க, அதை எடுத்துக்கிட்டு ஏணியில ஏறினான். மேலேர்ந்து மூணு கம்பிக்கும் மூணு எண் சொன்னான். அண்ணி கணக்குப் போட்டாங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்குறது இருநூறு கிலோவாட். ஓடுறது நூத்திப்பத்து. மீதி தொண்ணூறு.

"அண்ணி! நாப்பதுதான் கேட்கறோம், தொண்ணூறு இருக்கு!" நான் தெருவுலயே குதிச்சேன்.

"ம்"னாங்க. தாள்ல எழுதி, அவங்க போட்ட கட்டத்துல 11.10னு போட்டாங்க.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரு வேற மாதிரி இருந்துச்சு. எல்லா ஜன்னல்லயும் வெளிச்சம், எல்லாச் சுவர்லயும் ஏசி தண்ணி சொட்டுது. ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னா உறுமல் பல்லுல கேட்குது. லைன்மேன் ஏணியை வைக்கறதைப் பார்த்துட்டு எதிர்வீட்டு கீழ்த்தளத்துக்காரம்மா ஓடி வந்தாங்க. "கட் பண்ணிடாதீங்கப்பா! எங்க வீட்டுக்காரரோட ஊசி மருந்து ஃபிரிட்ஜ்ல இருக்கு, போன வாரம் அப்படித்தான் கெட்டுப் போச்சு." லைன்மேன், "கட் இல்லைம்மா, சும்மா பார்க்கறோம்"னான். அந்தம்மா நம்பாம அங்கேயே நின்னாங்க, நாங்க முடிக்கற வரைக்கும்.

மேலேர்ந்து மூணு எண் வந்துச்சு. இந்தத் தடவை அண்ணி தாளை என்கிட்ட குடுத்து, "நீ எழுது"ன்னாங்க. ஓடுறது நூத்து எண்பத்தெட்டு. மீதி பன்னெண்டு. நேரம் 7.15. என் கையெழுத்து படிக்கற மாதிரி இருக்கும்னு சொன்னேனே, அதுல எழுதினேன்.

பன்னெண்டை வச்சு மூணு வண்டி போடலாம். மழை நாள்னா பகல் முழுக்க சவாரி இருக்கும், பதினொண்ணும் சாயங்காலம்தான் வந்து நிக்கும். அது எனக்கும் தெரியும். நானே அந்த வரிசையில நிக்கறவதானே.

வியாழக்கிழமை மத்தியானம் என்னை ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. நீள ஹால், சுவர் முழுக்க இரும்பு அலமாரி, ஒரு ஃபேன் சுத்துது, ஒண்ணு சுத்தலை. சாப்பாட்டு நேரம், மத்த மேஜையெல்லாம் காலி. அண்ணி என் முன்னாடி ரெண்டு தாளைப் போட்டாங்க. ஒண்ணு காலைத் தாள், ஒண்ணு சாயங்காலத் தாள். ரெண்டுலயும் அவங்க கையெழுத்து.

"ரெண்டும் நிஜம். எது போகணும்னு நீ சொல்லு"ன்னாங்க.

"என்ன அண்ணி விளையாடுறீங்க? ஆபீசர் நீங்களா நானா?"

"சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாரு."

பழைய நோட்டு ஒண்ணை எடுத்து வச்சாங்க. அடையாளத்துக்கு அதுல ஒரு டீக்கடை சீட்டு சொருகியிருந்துச்சு. அந்த இடத்துல பிரிச்சாங்க. எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மரோட எண். மூணு வருஷத்துக்கு முந்தின கோடை, ஒரு தேதி. ஓடுறது நூத்திப்பதினாலு. மீதி எண்பத்தாறு. தெருமுனை சார்ஜிங் கடைக்கு நாப்பது குடுக்கலாம். கீழ கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். எங்க வீட்டு கேஸ் சீட்டுல, பால் அட்டையில, எல்லாத்துலயும் இருக்கறது அதுதான்.

"நீங்களா?"ன்னேன்.

"நான்தான்."

நோட்டை என் பக்கம் இழுத்து இன்னொரு தடவை படிச்சேன். அண்ணியே பேசினாங்க. மூணு வருஷத்துல அவ்வளவு நீளமா அவங்க பேசி நான் கேட்டதில்லை.

"பதினொன்னேகாலுக்கு எடுத்தது. நாங்க எல்லாரும் அப்படித்தான் எடுப்போம். காலையில வந்து டீ குடிச்சு, பதினொரு மணிக்கு வெளிய போயி, ஒரு மணிக்கு சாப்பிட வந்துடுவோம். சாயங்காலம் யாரும் போனதில்லை, அஞ்சரைக்கு ஆபீஸ் மூடிடும். தாள்லயும் நேரம் கேட்கலை. ஊர்ல இருக்கற அத்தனை ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் பதினொரு மணிக் கணக்குதான் இந்த அலமாரி முழுக்க இருக்கு. நான் அந்தத் தெருவுலதான் குடியிருக்கேன். ஏழு மணிக்கு எத்தனை ஏசி ஓடும்னு சமையல்கட்டுலேர்ந்தே எனக்குத் தெரியும். எழுதுறப்ப அது ஞாபகத்துக்கே வரலை. வந்த எண்ணை எழுதினேன்."

நோட்டை மூடிட்டு, "அத்தைக்கு மூச்சு முட்டுறப்ப நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்"னாங்க. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்னு தினம் நினைப்பேன். நாளைக்குன்னு விட்டுடுவேன்."

எனக்குக் கோபம் வரணும். வரும்னு காத்திருந்தேன். அம்மா முகத்தை நினைச்சேன், மிஷின் நின்னதும் வந்த அமைதியை நினைச்சேன். ஒண்ணும் அசையலை. மரத்துப் போன காலைக் கிள்ளிப் பார்க்கற மாதிரி இருந்துச்சு. கடைக்காரரைத் திட்டினேன், லைன்மேனைத் திட்டினேன், ஊரையே திட்டினேன். இத்தனைக்கும் நடுவுல இவங்க எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. அதைக்கூட விஷயமாத்தான் யோசிச்சேன், வலியா வரலை.

"அந்த லைன்மேனுக்குத் தெரியுமா?"

"அவர்தான் அன்னிக்கும் ஏணியில ஏறினார்."

ரெண்டு தாளையும் பார்த்தேன். காலைத் தாள் போச்சுன்னா பணம் வந்து சீக்கிரமே வேலை ஆரம்பிச்சிடும், அண்ணன் வண்டி கையை விட்டுப் போகாது, பதினொரு குடும்பம் மூச்சு விடும். மழை வந்த அன்னிக்குப் பார்த்துக்கலாம். மழை எப்ப வரும், யாருக்குத் தெரியும்? அண்ணன் பாவம், அதுவும் தோணுச்சு. அப்புறம் அந்த எதிர்வீட்டம்மா ஏணிக்குக் கீழ நின்ன நிற்பு ஞாபகம் வந்துச்சு. செருப்பு போடாம ஓடி வந்திருந்தாங்க.

சாயங்காலத் தாளை எடுத்து அண்ணி பக்கம் தள்ளினேன். "இதை அனுப்புங்க."

"வண்டி போயிடும்டி."

"தெரியும்."

காலைத் தாளை அண்ணி கிழிக்கலை. நேரத்தோட நோட்டுல ஒட்டி வச்சாங்க, ரெண்டு ரீடிங்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்னு. பெரிய சார் சாப்பிட்டு வந்து, சாயங்காலத் தாளைப் பார்த்து மூணு தடவை இருமிட்டு, "உங்க வீட்டுக்காரர் வண்டிதானேம்மா?"ன்னு கேட்டார். அண்ணி ஆமான்னாங்க. அவர் முத்திரை குத்தினார்.

பத்து நாள் கழிச்சு நிதி ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணுச்சு. குரல் நல்ல குரல். "மேடம், பன்னெண்டுதான் இருக்குன்னு வந்திருக்கு, நாப்பது இல்லாம இந்தச் சுற்றுல பண்ண முடியாது. பெரிய பேட்டரி சேர்த்து, பன்னெண்டுக்குள்ள அடங்குற மாதிரி திட்டத்தை மாத்திக் குடுங்க, அடுத்த சுற்றுல பார்க்கலாம்." அடுத்த சுற்று எப்பன்னு கேட்டேன். ஆறு மாசமாம். "அப்புறம் மேடம், அந்தத் தாள்ல நேரம்னு ஒரு கட்டம் இருக்கே, அது எங்க படிவத்துல இல்லையே, யார் போட்டது?"ன்னு கேட்டுச்சு. எங்க அண்ணின்னு சொன்னேன். "மத்த ஊர்லேர்ந்து வந்ததுல எதுலயும் இல்லை"ன்னுச்சு. "அப்ப அதெல்லாம் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு கேளுங்கம்மா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். கேட்டுச்சோ இல்லையோ.

ஸ்டாண்டுல என்னை ஒண்ணும் சொல்லலை. அண்ணியைத்தான் சொன்னாங்க. சொந்தப் புருஷனுக்கே லோடு இல்லைன்னு எழுதின மகராசின்னு சிரிச்சாங்க. மாசக் கடைசியில கம்பெனி ஆள் வந்து அண்ணன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனான். சீட்டுக்குக் கீழ இருந்த துண்டையும் தண்ணி பாட்டிலையும் அண்ணன் கையில வாங்கிக்கிட்டு மாடி ஏறி வந்தான். அந்தத் தாள் போனதுலேர்ந்து அவன் அண்ணிகிட்ட பேசலை. பேச வேண்டியதை என்கிட்ட சொல்லுவான், "உப்பு கேளு" "சட்டை எங்கன்னு கேளு"ன்னு, மூணு அடி தூரத்துல இருக்கறவங்களுக்கு.

அன்னிக்கு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். ஏழு மணி. அண்ணி எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைச்சிட்டு வந்தாங்க. அண்ணன் அதைப் பார்த்தான். "ஊரைக் காப்பாத்தியாச்சு"ன்னான், தட்டைப் பார்த்து.

எனக்கு அதுக்கு மேல முடியலை. "அண்ணா, அவங்களை ஏன் சொல்றே? ரெண்டு தாளும் என் கையிலதான் இருந்துச்சு. காலைத் தாள்ல தொண்ணூறு இருந்துச்சு. சாயங்காலத் தாளை எடுத்துக் குடுத்தது நான். கத்துறதா இருந்தா என்னைக் கத்து."

அண்ணன் நிமிர்ந்தான். "நீயா? ஏன்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. ஜன்னலுக்கு வெளிய ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமுது.

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேங்க"ன்னாங்க அண்ணி. கையில சாதக் கரண்டி. "அத்தை போனப்ப எரிஞ்ச ட்ரான்ஸ்ஃபார்மர்ல லோடு இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்தான்."

அண்ணன் கை தட்டுல அப்படியே நின்னுச்சு. எழுந்து போயிடுவான்னு நினைச்சேன். கத்துவான்னு நினைச்சேன். அவன் அண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தான், யாரோ புதுசா வீட்டுக்குள்ள வந்த மாதிரி. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டான். மூணு வாரத்துல முதல் தடவையா நேரா அவங்ககிட்ட கேட்டான்.

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"பதினொன்னேகாலுக்கு."

அண்ணன் தலையை ஆட்டினான். அண்ணி கரண்டியைக் கீழ வச்சாங்க, அப்பதான் அவங்களுக்கு அழுகை வந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு, சத்தமே இல்லாம, மூக்கு மட்டும் ஒழுகிக்கிட்டு. நான் என் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சு இருந்துச்சு. அண்ணன் எழுந்து தன் தட்டை எடுத்தான். அப்புறம் என் தட்டை எடுத்தான். அப்புறம் அண்ணி முன்னாடி இருந்த, இன்னும் சாப்பிடாத தட்டைப் பார்த்தான். அதை மட்டும் எடுக்கலை. அது மேல ஒரு மூடியைப் போட்டு வச்சுட்டு, மத்த ரெண்டையும் கழுவப் போனான்.